தடையில்லா மின்வழங்கி: அதன் நம்பகமும் செலவும்

மின்சாரம் தடைப்படும் வேளையில் கணினிக்கும், மருத்துவமனையின் சத்திரசிகிச்சைக் கூடத்துக்கும், தொலைபேசி நிலையத்துக்கும் இடையறாது மின்னளிக்கும் கருவி தடையில்லா மின்வழங்கி எனப்படும். யூ.பி.எஸ். என்னும் மூன்றெழுத்தாலேயே கடைத்தெருவில் அது வழங்குகிறது. இக்கருவியை வாங்குவோர் பெரும்பாலும் கேட்கும் வினா ஒன்றே: மின்சாரம் நின்றால் எத்தனை நிமிடம் தாங்கும்? வினா பிழையன்று, ஆயினும் குறையுடையது. ஓர் ஆண்டில் 8,760 மணித்தியாலங்கள் உள. மின்வழங்கல் ஒழுங்காயுள்ள நகரொன்றில் இக்கருவி தன் கலங்களிலிருந்து மின்னளிக்கும் நேரம் அவற்றுள் ஒரு மணித்தியாலத்திலும் குறைவாயிருத்தல் கூடும். எஞ்சிய காலமெல்லாம் அது காவல் இருக்கிறது. காவலுக்குக் கூலியாகச் சத்தியை உண்கிறது. எனவே இதனை ஆராயப் புகுவோர் இரு வினாக்களை ஒருங்கே எழுப்புதல் வேண்டும். வேண்டிய கணத்தில் அது தவறாது நிற்குமா என்பது ஒன்று. வேண்டாத காலமெல்லாம் அது எவ்வளவு உண்ணும் என்பது மற்றொன்று. நம்பகமும் சிக்கனமும் ஒன்றுக்கொன்று பகையெனக் கருதுவோர் பலர். அக்கருத்து ஓரளவிற்கு உண்மையே. ஆயின் முழுவதும் உண்மையன்று.

கருவியின் உள்ளமைப்பை முதற்கண் நோக்குவோம். மின்கலம் நேரோட்டத்தையே ஏற்று நேரோட்டத்தையே தருவது. வீடுகளுக்கும் காரியாலயங்களுக்கும் வருவதோ ஆடலோட்டம். இலங்கையில் அது 230 வோல்ற்று, செக்கனுக்கு 50 சுற்று. ஆகவே ஆடலோட்டத்தை நேரோட்டமாக்கிக் கலத்தை நிரப்பச் சீராக்கி ஒன்றும், கலத்தின் நேரோட்டத்தை மீண்டும் ஆடலோட்டமாக்க இன்வேட்டர் எனப்படும் மாற்றி ஒன்றும் இன்றியமையாதன. இவ்விரண்டையும் கலத்தையும் எவ்வாறு இணைப்பது என்பதைப் பொறுத்தே மின்வழங்கிகள் மூவகைப்படுகின்றன.

முதல்வகையில் வெளிமின்சாரம் நேரே சுமைக்குச் செல்கிறது; அது நின்றதும் ஆளியொன்று விழுந்து சுமையை இன்வேட்டரோடு இணைக்கிறது. இம்மாற்றத்துக்குச் சில மில்லிசெக்கன்கள் கழியும். ஆடலோட்டத்தின் ஒரு முழுச்சுற்று 20 மில்லிசெக்கன். கணினியின் மின்வழங்கும் பகுதியிலுள்ள கொள்ளளவிகள் ஏறத்தாழ அவ்வளவு நேரம் தாமே தாங்கும் ஆற்றலுடையன. ஆதலின் இவ்வகை ஒரு மேசைக் கணினிக்குப் போதியதே. இரண்டாம் வகை, வோல்ற்றளவு தாழும்போதும் உயரும்போதும் நிலைமாற்றி ஒன்றின் உதவியால் அதனைக் கலத்தைத் தொடாமலே திருத்திக்கொள்வது. மூன்றாம் வகையே பெருநிலையங்களில் நிற்பது. அங்கு வெளிமின்சாரம் சுமையை நேரே தீண்டுவதில்லை. வருவது முழுவதும் நேரோட்டமாக்கப்பட்டு, அந்நேரோட்டம் முழுவதும் மீண்டும் ஆடலோட்டமாக்கப்பட்டே சுமைக்குச் செல்கிறது. இடையே கலவடுக்கு எந்நேரமும் இணைந்திருப்பதால் வெளிமின்சாரம் நின்றபோது ஓர் ஆளியும் அசைய வேண்டுவதில்லை. சுமை அதனை உணர்வதுமில்லை. இதனை இரட்டை மாற்ற முறை என்பர்.

இரட்டை மாற்றத்தின் விலை யாதெனின், இரு மாற்றங்களிலும் நாள் முழுதும் ஏற்படும் இழப்பே. தைரிசுத்தரும் கனத்த வெளியீட்டு நிலைமாற்றியும் கொண்ட பழைய இயந்திரங்கள் உட்கொண்ட சத்தியில் நூற்றுக்கு 85 முதல் 90 பங்கையே வெளியே தந்தன. நிலைமாற்றியை நீக்கி, விரைந்து ஆளியிடும் புதிய குறைகடத்திகளைக் கொண்டு அமைத்த இயந்திரங்கள் 94 முதல் 96 பங்கு வரை தருகின்றன. சிலிக்கன் காபைட்டுக் குறைகடத்திகள் வந்தபின் 97ஐயும் தாண்டியுள்ளன. 90க்கும் 96க்கும் இடையிலுள்ளது சிறு வேறுபாடே என எண்ணத் தோன்றும். கணக்கிட்டுப் பார்த்தால் அவ்வெண்ணம் மாறும். இடையறாது 100 கிலோவாற்றுச் சுமை தாங்கும் இயந்திரம் ஒன்றின் வினைத்திறன் நூற்றுக்கு 90 ஆயின் அது 111.1 கிலோவாற்றை உட்கொள்ளும். 96 ஆயின் 104.2 போதும். வேறுபாடு ஏறத்தாழ 6.9 கிலோவாற்று. ஓராண்டில் அது 60,000 அலகுக்கு மேற்படும். அவ்வளவும் வெப்பமாய் அறைக்குள் இறங்குவதால், அதனை வெளியேற்றும் குளிரூட்டிக்கும் மேலும் மின்சாரம் வேண்டும். மூன்றலகு வெப்பத்தை அகற்ற ஓரலகு மின்சாரம் செலவாகும் எனக் கொண்டால் மேலும் 20,000 அலகு சேரும்.

இங்கே ஓர் உண்மையைக் கூர்ந்து நோக்குதல் தகும். இழந்த சத்தி பணத்தை மட்டும் கொண்டு செல்வதில்லை. வெப்பமாகி, இயந்திரத்தின் ஆயுளையும் உடன்கொண்டு செல்கிறது. மின்வழங்கியில் முதலில் மூப்படையும் உறுப்புகள் கலங்களும், மின்பகு கொள்ளளவிகளும், விசிறிகளுமாம். இம்மூன்றும் வெப்பத்துக்கு அஞ்சுவன. ஆதலின் வினைத்திறன் மிக்க இயந்திரம் குளிர்ந்திருக்கும். குளிர்ந்திருப்பது நெடுநாள் நிற்கும். சிக்கனமும் நம்பகமும் பகையல்ல என்பதற்கு இது முதற்சான்று.

பகையாகும் இடமும் உண்டு. இரட்டை மாற்ற இயந்திரங்கள் பலவற்றில் சிக்கன நிலை என ஒன்று அமைந்திருக்கிறது. அந்நிலையில் வெளிமின்சாரம் மாற்றமின்றி நேரே சுமைக்கு விடப்படும். இன்வேட்டர் விழித்திருந்து காத்திருக்கும். வினைத்திறன் நூற்றுக்கு 98 அல்லது 99 வரை உயரும். ஆனால் வெளிமின்சாரத்தின் குறைகளெல்லாம் சுமையைச் சென்றடையும். தடைநேரத்தில் சில மில்லிசெக்கன் இடைவெளியும் மீண்டும் வந்துவிடும். மூன்றாம் வகைக்குரிய விலையைக் கொடுத்து வாங்கி முதல்வகையாக ஓட்டுவது போன்றதே இது. வெளிமின்சாரம் தூயதாயிருக்கும் நாடுகளில் இதனைக் குறைகூற இயலாது. மழைக்காலத்தில் மின்கம்பியில் மரக்கிளை விழும் ஊர்களுக்கு இது பொருந்துமா என்பதை வாங்குவோரே எண்ணிப்பார்க்க வேண்டும்.

மாற்றங்களையே குறைத்துவிடுவது வேறொரு வழி. தொலைபேசி நிலையங்கள் இதனை நெடுங்காலமாகக் கையாண்டு வருகின்றன. அங்குள்ள கருவிகள் 48 வோல்ற்று நேரோட்டத்திலேயே இயங்குவதால், கலவடுக்கு சுமையோடு நேரே இணைந்து நிற்கிறது. இடையில் இன்வேட்டரே இல்லை. இல்லாத உறுப்பு பழுதாவதில்லை. 2009ஆம் ஆண்டு ஏப்ரலில் கூகிள் நிறுவனம் தன் தரவு நிலையங்களின் அமைப்பை வெளியிட்டபோது, ஒவ்வொரு கணினியின் பக்கத்திலும் 12 வோல்ற்றுக் கலம் ஒன்று பொருத்தப்பட்டிருந்தமை பலரை வியப்பில் ஆழ்த்தியது. பெரிய மின்வழங்கி ஒன்றின் இடத்தைச் சிறு கலங்கள் எடுத்துக்கொண்டன; வினைத்திறன் நூற்றுக்கு 99.9க்கு மேற்பட்டது என்பது அந்நிறுவனத்தின் கூற்று. ஒரு கலம் கெட்டால் ஒரு கணினியே நிற்கும் என்பது அவ்வமைப்பின் மற்றொரு நலம்.

எவ்வகை அமைப்பாயினும் கலமே அதன் உயிர்நிலை. அதன் பலவீனமும் அதுவே. பிரெஞ்சு அறிஞர் பிளாந்தே 1859இல் ஆக்கிய ஈய அமிலக் கலமே, அடைக்கப்பட்ட வடிவில் இன்றும் பெரும்பான்மையான மின்வழங்கிகளில் இருப்பது. இக்கலங்களின் ஆயுளை உற்பத்தியாளர் 20 அல்லது 25 பாகை செல்சியஸ் வெப்பநிலைக்கே குறிப்பர். அவ்வெப்பநிலை 10 பாகை உயருந்தோறும் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொறியியலாளர் கைக்கொள்ளும் விதி. எனவே 20 பாகைக்கு ஐந்தாண்டு எனக் குறித்த கலம், 30 பாகையுள்ள அறையில் இரண்டரை ஆண்டே வாழும். யாழ்ப்பாணத்திலோ திருகோணமலையிலோ குளிரூட்டியில்லாத காரியாலயம் ஒன்றின் மேசைக்கடியில், சுவரோடு சேர்த்துத் தள்ளப்பட்ட மின்வழங்கியின் உள்ளே 30 பாகை என்பது மிதமான கணக்கே.

பெரிய இயந்திரங்களில் கலத்தொகுதிகள் தொடராக இணைக்கப்படுகின்றன. சங்கிலியின் ஒரு கண்ணி அறுந்தால் சங்கிலியே அறுந்தது போல, ஒரு கலத்தின் உட்தொடர்பு விட்டுப்போயின் முழுத்தொடரும் பயனற்றதாகும். 32 தொகுதிகள் கொண்ட தொடரில் ஒவ்வொன்றும் நல்ல நிலையில் இருப்பதற்கான வாய்ப்பு நூற்றுக்கு 99 எனக் கொள்வோம். தனித்து நோக்கின் இது உயர்ந்த நம்பகமே. ஆயின் 32உம் ஒருங்கே நல்லனவாயிருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 72 அல்லது 73 மட்டுமே. தனித்தே சுமையைத் தாங்கவல்ல இரு தொடர்களைப் பக்கமாக இணைப்பின், இரண்டில் ஒன்றேனும் நிற்கும் வாய்ப்பு நூற்றுக்கு 92க்கு உயர்கிறது. இயந்திரத்தின் விலைப்பட்டியலை ஊன்றிப் படிப்பவர் கலத்தொடரைப் பற்றிய ஒற்றை வரியைக் கடந்து போய்விடுவது வியப்புக்குரியது.

கலத்தின் கொள்ளளவைப் பற்றிய மயக்கமும் பரவலானது. சிறிய மின்வழங்கியிலுள்ள 12 வோல்ற்று, 7 அம்பியர்மணிக் கலம் பெருக்கிப் பார்க்கும்போது 84 வாற்றுமணி தரவேண்டும். 150 வாற்று எடுக்கும் கணினிக்கு அரைமணித்தியாலத்துக்கு மேற் போதும் எனத் தோன்றும். ஆனால் 7 அம்பியர்மணி என்பது 20 மணித்தியாலத்தில் மெல்ல இறக்கும்போது கிடைக்கும் அளவு. விரைந்து இறக்கினால் கலம் தருவது குறையும் என்பதை ஜேர்மானியரான போய்க்கெற் 1897இல் விதியாக வகுத்தார். சில நிமிடங்களில் இறக்கும்போது பாதியளவே கிடைத்தல் கூடும். அதிலும் ஒரு பங்கை இன்வேட்டர் உண்ணும். கால்மணித்தியாலம் கிடைத்தால் அதுவே நல்ல கலத்துக்கு அடையாளம்.

இலங்கையில் 2022ஆம் ஆண்டின் முற்பகுதி இக்கலங்களுக்குக் கொடிய சோதனையாய் அமைந்தது. எரிபொருட்டட்டுப்பாட்டால் மின்வெட்டு நாள்தோறும் நீண்டு, மார்ச் 31ஆம் நாளுக்கு 13 மணித்தியால வெட்டு அறிவிக்கப்படும் நிலை வந்தது. மேசைக் கணினிக்குரிய மின்வழங்கி, கோப்பைச் சேமித்துக் கணினியை முறையாக நிறுத்துவதற்கான நிமிடங்களைத் தரவென்றே அமைந்தது. மின்னின்றி வேலை நடத்துவதற்கன்று. வெறுமையான கலம் நிரம்ப எட்டு மணித்தியாலமளவு வேண்டும். நிரம்புமுன் அடுத்த வெட்டு வந்தது. பாதி நிரம்பிய கலம் மீண்டும் அடிவரை இறக்கப்பட்டது. இவ்வாறு நிரம்பாது நிற்கும் ஈயக்கலத்தின் தகடுகளில் ஈயசல்பேற்றுப் பளிங்குகள் தடித்துப் படிந்து, பின்னர் மின்னேற்றத்தாலும் கரையாதுபோகும். அத்தகைய பயன்பாட்டுக்கு ஏற்றது, ஆழ இறக்கத்துக்கென ஆக்கிய பெருங்கலத்தோடு கூடிய வீட்டு இன்வேட்டரே. இரு கருவிகளும் ஒன்றெனக் கருதியதால் வீணான கலங்கள் பல.

இனி, இயந்திரத்தின் நம்பகத்தைக் குறிக்கும் எண்ணொன்றைப் பற்றிச் சொல்லவேண்டியுள்ளது. பழுதுக்கும் பழுதுக்கும் இடையிலான சராசரிக் காலம் 100,000 மணித்தியாலம் என விளம்பரத்தில் அச்சிடுவர். அதனை 8,760ஆல் வகுத்து, இயந்திரம் பதினோராண்டுக்கு மேல் பழுதின்றி ஓடுமென மகிழ்வோர் உளர். அவ்வெண்ணின் பொருள் அதுவன்று. அத்தகைய இயந்திரங்கள் ஆயிரத்தை ஓராண்டு ஓட்டினால் ஏறத்தாழ 88 பழுதுகளை எதிர்பார்க்கலாம் என்பதே அதன் பொருள். தன் இயந்திரம் அவ்வெண்பத்தெட்டில் ஒன்றா என்பதை அவ்வெண் ஒருவருக்கும் சொல்லாது.

ஆதலாலேயே முக்கியமான இடங்களில் ஒன்றுக்கு இரண்டாக இயந்திரங்களை நிறுவுகின்றனர். சிக்கனம் தோற்கும் இடம் இது. ஒவ்வோர் இயந்திரத்திலும் சுமையிருப்பினும் இல்லாவிடினும் நிகழும் நிலையான இழப்பொன்று உண்டு. 100 கிலோவாற்று இயந்திரம் ஒன்றில் அது 2 கிலோவாற்று எனவும், முழுச்சுமையில் மொத்த இழப்பு 5 கிலோவாற்று எனவும், கூடுதலான 3 கிலோவாற்றுச் சுமையின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறுவது எனவும் கொள்வோம். 40 கிலோவாற்றுச் சுமையை ஒரே இயந்திரம் தாங்கும்போது இழப்பு ஏறத்தாழ 2.5 கிலோவாற்று; வினைத்திறன் நூற்றுக்கு 94. அதே சுமையை இரண்டு இயந்திரங்கள் பகிரும்போது இழப்பு 4.2 கிலோவாற்று, வினைத்திறன் 90க்குச் சிறிது மேல். வருங்காலத்தில் சுமை வளருமென எண்ணி அளவுக்கு மிஞ்சிய இயந்திரத்தை வாங்குவோரும் இவ்விழப்பையே நாள்தோறும் செலுத்துகின்றனர். அவர்களுக்கு நம்பகத்தில் ஈடாக ஒன்றும் கிட்டுவதில்லை.

இரண்டை நிறுவுவோர் எதிர்பார்ப்பது யாது? ஓர் இயந்திரம் ஆண்டில் நூற்றிலொரு வாய்ப்பில் தவறுமாயின் இரண்டும் ஒருங்கே தவறும் வாய்ப்பு பதினாயிரத்தில் ஒன்று என்பது அவர்தம் கணக்கு. பெருக்கற்கணக்கில் பிழையில்லை. ஆனால் ஒன்றன் தவறு மற்றதன் தவறோடு தொடர்பற்றது என்னும் எடுகோள் அதனுள் மறைந்திருக்கிறது. அவ்வெடுகோள் எவ்வளவு எளிதிற் பொய்க்கும் என்பதைச் சுவீடன் நாட்டுப் போர்ஸ்மார்க் அணுமின் நிலையம் 2006ஆம் ஆண்டு யூலை 25ஆம் நாள் கண்டது.

அந்நிலையத்தின் முதலாம் உலைக்குப் பாதுகாப்பு மின்வழங்கல் நான்கு தனித்தனிப் பிரிவுகளாக அமைந்திருந்தது. ஒவ்வொரு பிரிவிலும் கலவடுக்கோடு கூடிய தடையில்லா மின்வழங்கியும் டீசல் மின்பிறப்பாக்கியும் இருந்தன. நான்கில் இரண்டு நின்றாலும் உலையைக் குளிர்விக்கப் போதும். அன்று வெளியேயுள்ள 400 கிலோவோல்ற்று ஆளிமுற்றத்தில் நடந்த வேலையின்போது குறுஞ்சுற்று நேர்ந்தது. நிலையம் வெளிவலையிலிருந்து பிரிந்தது. உள்ளே வோல்ற்றளவு முதலில் வீழ்ந்து, பின் இயல்பளவின் ஏறத்தாழ 120 வீதத்துக்கு எழுந்தது. அவ்வெழுச்சி எல்லா மின்வழங்கிகளையும் ஒரே கணத்தில் தாக்கியது. சீராக்கி முதலில் தன்னை விலக்கிக்கொண்டு, இன்வேட்டர் கலவடுக்கின் வலுவில் தொடர்ந்து ஓடுவதே முறை. ஆனால் இரு பகுதிகளின் பாதுகாப்பு எல்லைகளும் ஒன்றோடொன்று இசைய வகுக்கப்படவில்லை. இரு பிரிவுகளில் சீராக்கியோடு இன்வேட்டரும் விலகிக்கொண்டது. கலங்கள் நிரம்பியிருந்தன, அவற்றிலிருந்து மின்சாரம் வெளிவர வழியில்லை.

அதனோடும் முடியவில்லை. அவ்விரு பிரிவுகளின் டீசல் இயந்திரங்கள் ஒழுங்காகவே ஓடத்தொடங்கின. ஆயின் அவற்றின் வேகத்தை அளந்து கூறும் கருவி அதே மின்வழங்கியிலிருந்தே மின்பெற்றது. வேகம் அறியப்படாமையின் பிறப்பாக்கிகள் சுமையோடு இணையவில்லை. கட்டுப்பாட்டறையிலும் காட்டிகள் ஒருபகுதி இருண்டன. எஞ்சிய இரு பிரிவுகள் தாங்கிநின்றமையால் உலை காக்கப்பட்டது. ஏறக்குறைய 22 நிமிடங்களின் பின் பணியாளர் தம் கையால் ஏனைய இரண்டையும் இணைத்தனர். சர்வதேச அணுநிகழ்வு அளவுகோலில் இது இரண்டாம் படியாகக் குறிக்கப்பட்டது.

நான்கு மின்வழங்கிகளும் ஒரே வகையின. ஒரே எல்லைகளோடு அமைந்தன. ஒரே எழுச்சிக்கு உட்பட்டன. நான்கு என்னும் எண் வடிவமைப்புத் தாளில் இருந்த அளவுக்கு உண்மையில் நான்காயிருக்கவில்லை. அதனாலேயே இன்று இவ்வாறான நிலையங்களில் வேறுபட்ட அமைப்புடைய கருவிகளைப் பயன்படுத்துவது பற்றியும், காவற்கருவி ஒன்றைத் தொடக்குவதற்கு மற்றொரு காவற்கருவியை நம்பியிராமை பற்றியும் பொறியியலாளர் பெரிதும் கவனிக்கின்றனர். ஒரே தயாரிப்பில் இரண்டு வாங்கி ஒரே அறையில் வைத்து, ஒரே நாளில் வாங்கிய கலங்களைப் பொருத்தி, இரட்டைக் காவல் பெற்றதாகக் கருதும் காரியாலயங்களுக்கும் இது பொருந்தும். ஒரே நாளிற் பிறந்த கலங்கள் ஒரே வெப்பத்தில் ஒரே காலத்தில் மூப்படைகின்றன.

ஈயக்கலத்தின் இடத்தை இலித்தியமயன் கலம் இப்போது மெல்லப் பிடித்து வருகிறது. எடையும் இடமும் குறைவு, ஆயுள் மிகுதி, விரைந்து நிரம்பும். தீப்பற்றின் அணைத்தல் அரிது என்பது அதன் குறை. தென்கொரியாவில் 2022 அக்டோபர் 15இல் பாங்கியோ தரவு நிலையத்தின் கலவறையில் எழுந்த தீயால், அந்நாட்டு மக்களிற் பெரும்பாலோர் பயன்படுத்தும் ககாவோ செய்திச்சேவை நின்று, முழுவதும் வழமைக்குத் திரும்ப 127 மணித்தியாலத்துக்கு மேலாயிற்று. 2025 செப்தெம்பர் 26இல் தேஜொன் நகரிலுள்ள அரச தரவு நிலையத்தில் நேர்ந்தது அதனினும் கொடிது. ஐந்தாம் மாடியிலிருந்த மின்வழங்கிக் கலங்களைக் கணினிகளினின்றும் பிரித்து நிலக்கீழ் அறைக்கு மாற்றும் பணி நடந்துகொண்டிருந்த வேளையிலேயே தீ எழுந்தது. 384 கலத்தொகுதிகள் எரிந்தன. 709 அரச கணினி முறைமைகள் நிறுத்தப்பட்டன. மின்தடையால் எந்நாளும் நேராத தடை, மின்தடையைத் தடுக்க வைத்த பொருளால் நேர்ந்தது.

கலத்தையே விலக்கி, சுழலும் கனத்த பறப்புச்சில்லில் சத்தியைத் தேக்கும் முறையும் உண்டு. சில்லு பத்துப் பதினைந்து செக்கன் தாங்கும். அதற்குள் டீசல் இயந்திரம் தொடங்கிவிடவேண்டும். சான் பிரான்சிஸ்கோ நகரின் 365ஆம் இலக்க மெயின் வீதியிலுள்ள தரவு நிலையம் இம்முறையையே கொண்டிருந்தது. 2007 யூலை 24இல் நகர மின்சாரம் குறுகிய இடைவெளியில் பலமுறை விழுந்தெழுந்தபோது, பத்து டீசல் இயந்திரங்களில் மூன்று தொடங்கத் தவறின. இயந்திரத்தை ஆளும் இலத்திரனியற் பகுதியின் நினைவகம், தொடக்கமும் நிறுத்தமும் அடுத்தடுத்து வந்தபோது முறையாகத் துடைபடாமையே காரணமெனப் பின்னர் கண்டனர்.

ஒருமுறை மின்னை நிறுத்தி, இயந்திரம் தொடங்கியதும் நிறைவடையும் மாதாந்தச் சோதனை இத்தகைய குறையைக் காட்டமாட்டாது. மின்சாரம் உண்மையில் தவறும்போது நேர்த்தியாக ஒருமுறை நிற்பதில்லை. துடித்துத் துடித்தே நிற்கும். ஆகவே சோதனையும் அவ்வாறே அமைதல் வேண்டும்: ஆளியைப் பலமுறை அடுத்தடுத்து விலக்கியும் இணைத்தும் பார்த்தல், ஆண்டுக்கொரு முறையேனும் உண்மைச்சுமையோடு கலங்களை இறக்கி நிமிடங்களை அளந்து குறித்தல், ஒவ்வொரு கலத்தின் உட்டடையையும் தனித்தனி அளந்து முந்தைய ஆண்டின் அளவோடு ஒப்பிடல். இரு தொடர்களிருப்பின் இரண்டையும் ஒரே நாளில் இறக்கலாகாது. இறக்கிய தொடர் நிரம்பும்வரை மற்றது காவலிருக்கவேண்டும். சிறிய கருவிக்கு இவ்வளவும் வேண்டுவதில்லை. கலம் பொருத்திய திகதியை அதன் மேலேயே மையால் எழுதி வைத்து, இரண்டாண்டு கழிந்ததும் கருவியைச் சுவரினின்றும் ஒரு சாண் தள்ளி வைத்து, கணினியில் வேலையில்லாத ஒரு மாலையில் செருகியைக் கழற்றி மணிக்கூட்டைப் பார்த்திருப்பது போதும்.